நாலு வரிக்குச் சொந்தக்காரி

ராஜபாளையத்து நூல் மில்லில் மாரிசெல்விக்கு ஒரு மிஷின் பொறுப்பு. அதைச் சுற்றி நடந்து அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சுற்று முடிவதற்குள் மனசில் ஒரு கதையை முடித்துவிடுவாள். அடுத்த சுற்றுக்கு நீளும் கதை அவளுக்கு ஆகாது. கவனம் பிசகி நூல் அறுந்தால் சூப்பர்வைசர் பொன்னுராஜ் வந்து கத்துவார். அதனால் அவள் கதையில் வேண்டாத சொல் ஒன்றுகூட நிற்காது.

டீ நேரத்தில் அந்தக் கதைகளை ஆசையாகக் கேட்டவரும் அவர்தான். கேட்டதையெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர் கூட்டத்தில் 'என் சொந்த அனுபவம்' என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தார், அந்தப் புண்ணியவான். விஷயம் தெரிந்து மாரிசெல்வி நேரில் போய்க் கேட்டாள்.

"ஏட்டி, நாலு வரிக்கெல்லாம் ஒரு சொந்தக்காரியா?" என்று சிரித்தார்.

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

கூட்டத்தில் அவருக்குச் சால்வை போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஒன்றும் நடக்காதது போல அவரிடம் புதுக் கதை ஒன்று சொன்னாள். பிறகு அவர் மனைவி இசக்கியம்மாளிடம் போய், வீட்டுக்காரரைப் பாராட்டும்போது நீங்கள் இல்லாமலா என்று கிளப்பி, பஸ்ஸில் கூட்டிவந்து கடைசி வரிசையில் உட்காரவைத்தாள்.

சால்வையோடு மைக்கைப் பிடித்தார் பொன்னுராஜ். சொந்த அனுபவம் என்றார். குரல் தழுதழுக்கச் சொன்னார்:

"தாலி கட்டும்போது கூட்டத்தில் ஒருத்தியைத் தேடினேன். அவள் வரவில்லை. மகளுக்கு அவள் பெயரை வைத்தேன். தினமும் என் மனைவிதான் அவளைக் கூப்பிடுகிறாள்."

கைதட்டு ஓய்ந்ததும் இசக்கியம்மாள் எழுந்தாள்.

"நம்ம சுகந்திக்குப் பேரு வச்சது நீங்கதான?"

பொன்னுராஜுக்கு வேர்த்துக் கொட்டியது. திருடன் என்று பெயர் வாங்குவதா, வீட்டில் சோறில்லாமல் போவதா? மைக்கிலேயே உளறினார்.

"கதை என்னுது இல்ல. மாரிசெல்வியோடது. இதுவரைக்கும் சொன்னது அம்புட்டும் அவளோடது."

கூட்டம் திரும்பி மாரிசெல்வியைப் பார்த்தது. அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. கிளம்பலாம் என்று பையை எடுத்தாள். ஆனால் இசக்கியம்மாள் உட்காரவில்லை.

"கதை அவளோடதுன்னா, சொல்லையிலே உங்களுக்கு எதுக்குத் தொண்டை அடைச்சுது?"

இந்தக் கேள்வி மாரிசெல்வி கதையில் இல்லாத வரி. பொன்னுராஜ் பாவம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, பதில் வருகிறதா என்று நிதானமாகக் காத்திருந்தாள்.