சுந்தராம்பாள் குடித்த தண்ணீர்

மண்ணூர் சுந்தராம்பாளை எனக்கு எழுபத்தாறாம் வருஷத்திலிருந்து தெரியும். ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்றுத் தள்ளி, வயல்களுக்கு நடுவே ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. வெறிநாய்க்கடிக்கான மருந்து பற்றி அங்கே ஆராய்ந்தார்கள். அவள் அதில் கண்ணாடிச் சாமான்கள் கழுவினாள். நான் சென்னையிலிருந்து மூன்று மாதப் பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவன், ரகுபதி. எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. எட்டாவது படிக்கும் மகள் பாஞ்சாலி மட்டும்தான். வாயைக் கொடுத்து அவளிடம் தப்பியவர் கிடையாது. என் புது வெள்ளைக் கோட்டைப் பார்த்த முதல் நாளே, "இன்னா தம்பி, சலூன்ல வேலையா?" என்று கேட்டுவிட்டாள்.

அதே நாள் எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. மூத்த ஆராய்ச்சியாளர் முனிரத்தினம் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். மூடிய ஷூ இல்லாமல் உள்ளே வரக்கூடாது. கண்ணாடிக் குழாயை வாயால் உறிஞ்சக்கூடாது. எது உடைந்தாலும் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். தாளில் இல்லாத ஒன்றையும் கடைசியில் அவராகச் சேர்த்துக்கொண்டார்: "எவனாவது ஒடைச்சான்னா அடுத்த பஸ்லயே காலேஜுக்குத் திருப்பி அனுப்பிடுவேன்." பயிற்சிக்கு வந்த நாங்கள் ஆறு பேரும் மனப்பாடம் செய்தது அந்தக் கடைசி வரியைத்தான். கழுவுகிறவர்களை வகுப்புக்கு யாரும் கூப்பிடவில்லை. உடைந்ததைப் பொறுக்குகிறவள் அவள், பாடம் மட்டும் எங்களுக்கு! இந்த நியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் விடுமுறை என்பதால் முந்தின நாளே கூடத்தில் பூஜை வைத்தார்கள். காலையில் அறைகளைச் சுத்தம் செய்தோம். வெறிநோய்க் கிருமி அடைத்த சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளை, ஆம்பூல்களை, நான் இடம் மாற்றி வைத்தேன். ஒன்று கைநழுவித் தரையில் உடைந்தது. அறையில் வேறு யாருமில்லை. அடுத்த பஸ்ஸும் அப்பாவின் முகமும்தான் கண்முன் நின்றன. கிருமியைக் கொல்லும் லைசால் ஊற்றினால் அதன் வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்று வெறும் ஈரத்துணியால் துடைத்தேன். கண்ணில் பட்ட சில்லுகளைப் பொறுக்கினேன். வாயை மூடிக்கொண்டேன்.

பத்து மணிக்குப் பூஜை. மைக்ராஸ்கோப் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. பூஜை நடக்கிற இடத்தில் யார் செருப்போடு நிற்பார்கள்? எல்லாருடைய காலணியும் வாசலில் கிடந்தது. ஷூ விதியைப் படித்த முனிரத்தினமே வெறுங்காலோடு கற்பூரம் காட்டினார். சுந்தராம்பாள் மஞ்சள் குங்குமத் தட்டோடு அறை அறையாகப் போனாள். நான் ஆம்பூலை உடைத்த இடத்தில் "ஸ்ஸ்" என்று காலைத் தூக்கினாள். குதிகாலிலிருந்து ஒரு சில்லைப் பிடுங்கிப் போட்டாள். தட்டிலிருந்த மஞ்சளைக் காயத்தில் அப்பிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் கொடுத்த பொரியை அப்படியே ஜன்னலோரம் வைத்தேன். அந்த நோய் வந்துவிட்டால் பிழைக்க முடியாது, வருவதற்கு முன்பே ஊசி போட்டால்தான் உண்டு என்று நூறு தரம் படித்திருந்தேன். சொன்னால் என் படிப்பு போகும். சொல்லாவிட்டால் அவள் உயிர் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். நான் மாலை நாலரை மணி வரைக்கும் யோசித்தேன்.

அவள் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பின்னாலேயே ஓடி மண்ணூர் சாலையில் பிடித்தேன்.

"அக்கா, கால்ல குத்துச்சே, அது நான் ஒடைச்ச ஆம்பூல். உள்ள வெறிநாய்க் கிருமி இருந்துச்சு."

பொட்டலம் கீழே விழுந்தது. அவள் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் கூடப்பொறந்தவன் நாகப்பன் அதுலதான் செத்தான்" என்றாள். "தண்ணியப் பாத்தாலே அலறுவான். கட்டிப் போட்டுட்டாங்க. அவனுக்கு சொம்பு எடுத்துக்கினு போனவ நான்தான்." பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "காலையில குத்துச்சு. இப்பத்தான் சொல்றியா?"

அவளைக் கூடத்துக்குத் திரும்பக் கூட்டிப்போய் முனிரத்தினத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

முனிரத்தினம் தலையில் கையை வைத்துக்கொண்டார். அன்றே முதல் ஊசி போட்டார்கள். தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினாலு ஊசி. என்னை அவர் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பினால் காரணம் எழுத வேண்டும், எழுதினால் வெறுங்கால் கதையும் வெளியே வரும். மனுஷர் விவரமானவர்.

ஊசி முடிந்தது, பயம் முடியவில்லை. அந்த நோய் மாதக்கணக்கில் உடம்புக்குள் பதுங்கியிருக்கும்; வெளியே வந்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. தினமும் காலையில் சுந்தராம்பாள் என்னை வராந்தாவிலிருந்த பானையருகே கூப்பிட்டு நிறுத்துவாள். "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை அண்ணாந்து குடிப்பாள். குடித்து முடித்ததும் சிரிப்பாள். எனக்கு அவள் கொடுக்கும் தண்டனை என்றே அதை நினைத்தேன். தண்ணீர் அவள் தொண்டையில் இறங்குகிறவரை எனக்கு மூச்சு வராது.

பயிற்சி முடிந்து சென்னைக்குத் திரும்பிய பிறகு மாதம் ஒரு கார்டு வந்தது. பாஞ்சாலியின் கையெழுத்தில் ஒரே வரி: "அம்மா தண்ணீர் குடித்தார்கள்." தையில் வந்தது, மாசியில் வந்தது, பங்குனியிலும் வந்தது. சித்திரையில் வரவில்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு பஸ் ஏறினேன். மண்ணூரில் இறங்கி அவள் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் கூட்டம் நிற்கிறதா என்று தெருமுனையிலிருந்தே எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. உள்ளே சுந்தராம்பாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் உதடு வெடித்துக் கிடந்தது.

"கார்டு வரலியே அக்கா?"

"பரீட்ச முடிஞ்சி பாஞ்சாலி மாமன் வூட்டுக்குப் போயிட்டா. எழுத ஆளில்ல."

"தண்ணி குடிக்கலியா?"

"பக்கத்து வூட்டு கனகத்தக் கூப்ட்டு வச்சிக்கினு குடிப்பேன். இன்னிக்கி அவளும் சந்தைக்குப் போயிட்டா. காலையிலேர்ந்து எடுக்கிறேன், வைக்கிறேன்."

எனக்குப் புரியவில்லை. "தண்ணி குடிக்க எதுக்கு ஆளு?"

"தனியா குடிக்க பயமா கீது தம்பி. சொம்பு கிட்ட வந்தாலே நாகப்பன் அலறுறது காதுல கேக்குது. ஒனக்குக் காட்டத்தான் தெனம் குடிச்சேன்னு நெனச்சியா? ஆராச்சும் பாத்துக்கினு நின்னாத்தான் எனக்கு உள்ள எறங்கும்."

நான் எதிரே உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் சொம்பைத் தூக்கினாள். பாதித் தண்ணீர் புடவையில் சிந்தியது. மீதி உள்ளே இறங்கியது. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கி ஆரு பாக்கறது?" என்று கேட்டாள்.

பாஞ்சாலி திரும்பி வர இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் காலை முதல் பஸ்ஸில் நான் மண்ணூருக்குப் போனேன்.