ராவுத்தர் படித்த வியாபாரப் புத்தகம்

ஊருக்கு வெளியே ஆயர் ஈத்தாமில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு டிராமை விட்டு இறங்குகிறேன், முனைக் கோப்பிக்கடைக்காரர் ஓடி வந்து சொன்னார்: "ஹமீது ராவுத்தர் மௌத்தாயிட்டாரு கிராணியாரே. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கமாம்." நான் நம்பவில்லை. யார் சொன்னது, சொன்னவர் கண்ணால் பார்த்தாரா, எந்த ஹமீது என்று குடைந்தேன். "சாவுச் செய்தியிலயும் சந்தேகமா லா?" என்று அவர் முகத்தைச் சுளித்தார். சூலியா தெருவில் ராவுத்தரின் துணிக்கடை பட்டப்பகலில் அடைத்துக் கிடந்ததைக் கண்டபோதுதான் நம்பினேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய சந்தேகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால், "ஒண்ணுமில்லேன்னு ஏன் சொல்றாரு?" என்று இன்னொரு டாக்டரிடம் போவார். வந்திறங்கும் மூட்டைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். தாம் விற்கும் கைலியையே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்தச் சாயம் நிக்குமான்னு எனக்கே நிச்சயமில்ல, நல்லாப் பாத்து எடுங்க" என்பார். அதற்கும் ஆள் வந்து வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த நாளில் நான் ஒரு கப்பல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா; அந்தப் பெயரே எனக்கு நிலைத்துவிட்டது. காலையிலிருந்து மாலைவரை அடுத்தவன் சரக்குக்குக் கணக்கு எழுதி எழுதி அலுத்துப்போயிருந்தேன். அப்போது சென்னப்பட்டணத்திலிருந்து கப்பலில் வந்த ஒரு புத்தகம் கையில் சிக்கியது. வியாபாரத்தில் முன்னேறும் வழிகளைச் சொல்லும் புத்தகம். ஒரே விலை சொல், வருகிறவரைப் பார்த்துச் சிரி, தயங்காதே, கொடி கட்டிப் பறப்பாய் என்றது. படித்து முடிப்பதற்குள் மனத்தில் கடையே போட்டுவிட்டேன், அதுவும் சூலியா தெருவிலேயே, துணிக்கடை. என் மனைவி மீனாட்சி பயந்துபோனாள். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு நடுத்தெருவில் நிற்கப் போகிறோமா என்று அழுதாள். கடைசியில், "அந்த ராவுத்தரண்ணன் எதையும் லேசுல நம்ப மாட்டாரு. அவரு சரின்னு சொன்னா எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டாள். ஆக, என் பிழைப்பு ராவுத்தரின் ஒரு சொல்லில் வந்து நின்றது.

புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன். வரி விடாமல் படித்தார். நல்ல தமிழ் என்று சொன்னார். அவர் ஒன்றை மெச்சினால் பின்னாலேயே ஒரு சந்தேகம் வரும்.

"இத எழுதினவரு கடை வச்சிருந்தாரா?" என்று கேட்டார்.

"பெரிய அனுபவசாலி என்று போட்டிருக்கிறதே."

"யாருமே வாங்க வராத நாளப் பத்தி ஒரு வரி கூட இல்லியே கிராணியாரே. கடை வச்சவனுக்கு அந்த நாள் மறக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. அதே தெருவில் இன்னொரு துணிக்கடை வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த நொட்டை என்று பட்டது. பட்டதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. வெற்றிலையை மடித்தபடி, "அப்படியும் இருக்கலாம்" என்றார். பிறகு, "ஒரு வாரம் என் கடைய இந்தப் புத்தகம் சொல்றபடி நடத்திப் பாக்குறேன். ஆபீசு விட்டதும் வந்து நீங்களே உக்காந்து பாருங்க" என்றார்.

பார்த்தேன். "ஒரே விலை" என்று அட்டை தொங்கியது. ராவுத்தர் வருகிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தார். வழக்கமாக வருகிற, மலாய் பேசும் சீன வீட்டு நோன்யா அம்மாள் ஒருத்தி சாரோங் எடுக்க வந்தாள். அவர் சிரித்ததும் ஒரு அடி பின்னுக்குப் போனாள். விலையைக் கேட்டு, பாதியாகக் குறைத்துக் கேட்டாள். ராவுத்தர் அட்டையைக் காட்டினார். "சகித் கா, தவுக்கே?" என்றாள், உடம்புக்கு என்ன முதலாளி என்று கேட்பதுபோல. அப்புறம் துணியின் ஓரமெல்லாம் பிரித்துப் பிரித்துப் பழுது தேடினாள். பேரம் பேசாமல் வாங்கிய துணியை வீட்டில் யார் மதிப்பார்கள்? வாங்காமலே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க இதே கதைதான். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ராவுத்தர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மீனாட்சி கோப்பி கொடுத்துவிட்டு அடுக்களை வாசலிலேயே நின்றாள்.

"புத்தகம் தோற்றுவிட்டது. நான் ஆபீசுக்கே போகிறேன்" என்று நானே முந்திக்கொண்டேன்.

அவர் தலையை அசைத்தார். என்னைப் பார்க்காமல் மீனாட்சியைப் பார்த்துத்தான் பேசினார். "இல்ல தங்கச்சி. அது தோக்கணும்னு நான் ஆசப்பட்டேன். நான் சிரிச்ச சிரிப்பப் பாத்தா எவன் வாங்குவான்? கிராணியாரு கடை போட்டா என் வாடிக்கை போயிடுமோன்னு எனக்குப் பயம். அது இருக்கறப்ப நான் சொல்றது எப்படிச் சரியா இருக்கும்? புத்தகத்த நம்பாதீங்க. என்னையும் நம்பாதீங்க. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க." கோப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் மீனாட்சி சொன்னாள்: "கடை போடுங்க. இப்படி ஒரு மனுசர் இருக்கிற தெருவுல பயமில்ல. அந்தப் புத்தகத்த மட்டும் பரண்ல போடுங்க."

போட்டேன். முதல் நாளிலிருந்தே பேரம்தான். ராவுத்தர் பயந்தது வீண்போகவில்லை. சில மாதங்களில் அந்த நோன்யா அம்மாளே என் கடைக்கு வந்து சாரோங் எடுத்தாள். எதிர்ச்சாரியில் தம் கடை வாசலில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். எந்த மூட்டையை எடுக்கலாம் என்று யோசனை கேட்டேன். "இன்னிக்குக் கேக்காதீங்க. இன்னிக்கு எனக்கு உங்க மேல கோவம் இருக்கு. நாளைக்குச் சொல்றேன்" என்றார். மறுநாள் சொன்னார். அந்த யோசனை சரியாகவே இருந்தது.

இத்தனை வருஷம் எதிரெதிரே கடை வைத்திருந்தோம். அவர் என்னை ஒரு நாளும் புகழ்ந்ததில்லை. அந்த மனிதர் இல்லாத தெருவில் கடை திறக்க எனக்குக் கை வரவில்லை.

போன வாரம் அவருடைய மகன் இப்ராகிம் வந்தான். தகப்பனார் கடையைத் தொடர்ந்து நடத்துவதா, கைமாற்றிவிடுவதா என்று கேட்டான். "மாமா, நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்" என்றான். கைமாற்றிவிடு என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, நியாயமான காரணங்களோடு. அப்புறம் அவனை உட்காரவைத்துச் சொன்னேன்: "தம்பி, அந்தக் கடைய நானே எடுத்துக்கணும்னு எனக்கு ஆச இருக்கு. அதனால இந்த விசயத்துல என் பேச்ச நம்பாத. வேற யாருகிட்டயாவது கேளு."

ராவுத்தரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான். அவன் கடையை நடத்தப் போகிறானாம்.