அண்ணன் காயவைத்த ஓக் பலகைகள்

குன்னூரில் மரப்பட்டறை நடத்தி வந்த எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரோடு பழகியவர்கள் கையில் இந்த நினைவு மலரைச் சேர்க்கிறோம்.

அண்ணன் மஞ்சூரில் பிறந்தார். அணைக்கட்டு வேலையில் இருந்த அப்பா சீக்கிரமே காலமானதால், படிப்பை விட்டுப் பெட்டி செய்யும் பட்டறையில் சேர்ந்தார். பின்னர் நண்பர் செல்வராஜ் அவர்களோடு கூட்டாகச் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

ஒரு மழைக்காலத்தில் பழைய பங்களா ஒன்றில் ஓக் மரம் சாய்ந்தது. தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் அல்ல. அது இலேசான மரம், பெட்டிக்கும் பிளைவுட்டுக்கும் போகும். இது வெள்ளைக்காரர் நட்ட அசல் ஓக். கனமும் உறுதியும் கொண்டது. நடுவிலிருந்து ஓரம் நோக்கி அறுத்தால் பலகையில் மினுமினுப்பான ரேகைகள் தெரியும். ஆனால் காய்வதற்கு ஆண்டுக்கணக்காகும். இருவரும் அதை வாங்கி அறுத்து, காற்று புகுவதற்காக மரச்சட்டங்களை இடையில் வைத்து நிழலில் அடுக்கினார்கள்.

அடுத்த ஆண்டே மசினகுடி விடுதிக்காரர் ஒருவர் அதில் சாப்பாட்டு மேசைகள் கேட்டு வந்தார். பட்டறையில் அப்போது வேறு வேலை இல்லை.

“உள்ள இன்னும் ஈரம் இருக்குதுங்க. அங்கத்த வெயிலுக்கு வெடிச்சுப் போயிருமுங்க,” என்றார் அண்ணன்.

செல்வராஜ் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “அது காயற வரைக்கும் பட்டினி கெடக்கறதா? எம் பங்கைப் பிரிச்சுக் குடுத்துரு.”

அண்ணன் பாதிப் பலகைகளைக் கொடுத்துவிட்டார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

கோடையில் செல்வராஜ் அண்ணன் செய்து கொடுத்த மேசைகள் வெடித்தன. விடுதிக்காரர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். சேதி தெரிந்த அன்றே எங்கள் அண்ணன், செல்வராஜ் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டார். அண்ணியும் நானும் உடன் போனோம்.

“நீ சொன்னப்பவே கேட்டிருக்கோணும்,” என்று செல்வராஜ் அண்ணன் தொடங்கினார்.

“அதை விடு. வெடிக்காத எடமெல்லாம் நல்லாத்தான் இருக்கும். நாற்காலிக்கு ஆகும். நாளைக்கு வண்டி கொண்டாறேன்,” என்றார் அண்ணன்.

அப்படியே நாற்காலிகள் செய்தார்கள். அண்ணனின் பலகைகள் நன்றாகக் காய்ந்த பிறகு மேசைகளும் முடிந்தன. அதே விடுதிக்காரர் வாங்கிக்கொண்டார். பட்டறை மீண்டும் கூட்டாகவே நடந்தது.

கடைசிக் காலத்தில் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. கோவை மருத்துவமனைக்கு ஒவ்வொரு முறையும் அவரை அழைத்துப் போய்வந்தவர் செல்வராஜ் அண்ணன்தான்.

கனிவோடு கவனித்த மருத்துவர், செவிலியர்களுக்கும், நடக்க முடியாத நாட்களில் அண்ணனை நாற்காலியோடு மேட்டு வீட்டுக்குத் தூக்கி வந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. செல்வராஜ் அண்ணன் பெயரையும் இங்கே எழுதியிருந்தோம். அவர் படித்துப் பார்த்துவிட்டு, “சொந்த ஊட்டு ஆளுகளுக்கு யாராச்சும் நன்றி போடுவாங்களா கண்ணு?” என்று கேட்டார். ஆகவே அதை இங்கிருந்து எடுத்து, கீழே குடும்பத்தார் பெயர்களோடு சேர்த்திருக்கிறோம்.