பாதி மிச்சம் வைத்த கோப்பை

எனிஃபா டீச்சர் ஏரிக்கரைப் பெண். மீன் காயப்போட்டு விற்கிற வீட்டில் பிறந்தவர், தொண்டையும் அதற்கேற்ற தொண்டை. அவர் சிரித்தால் பக்கத்து வகுப்பில் என் சாக்பீஸ் நின்றுவிடும். அவருக்கு ஏழாம் வகுப்பு, எனக்கு ஆறாம் வகுப்பு. நடுவில் ஆளுயரச் சுவர் ஒன்று, அதற்குமேல் வெறும் காற்றுதான்.

முன்பெல்லாம் அவரும் என்னைப் போலத்தான் பாடம் நடத்தினார். ஆசிரியர் பாதி சொல்வார், மீதியைப் பிள்ளைகள் ஒரே குரலில் முடிப்பார்கள். எங்கள் மலாவியில் பள்ளிக்கூடம் என்றாலே அந்தச் சத்தம்தான். பிறகு ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார், பிடித்தது சனி. "இனிமே நான் சொல்லமாட்டேன், நீங்க கேள்வி கேளுங்க" என்றார். "இனிமே நான் சொல்லமாட்டேன், நீங்க கேள்வி கேளுங்க" என்று வகுப்பே திருப்பிச் சொன்னது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மனுஷி விடவில்லை. கொஞ்ச நாளில் பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள், அங்கேதான் வம்பு. லிம்பனி என்கிற பெண், ஊரில் சாவு விழுந்த நாளில் வயலுக்குப் போகக்கூடாது என்ற அப்பாவிடம் "ஏன்" என்று கேட்டுவிட்டாள். அவர் நேரே தலைமையாசிரியர் மசாம்பாவிடம் வந்தார்.

"பெத்தவன்கிட்டயே ஏன்னு கேக்குறா சார். பரீட்சையில இதையா கேப்பாங்க?"

இன்னும் சில பெற்றோர் அவர் பின்னால் வந்தார்கள். மசாம்பா நல்ல மனிதர், சண்டை என்றால் தொடைநடுங்கி. வியாழக்கிழமை ஆய்வாளர் வருகிறார், அவர் சரி என்றால் சரி, இல்லையென்றால் ஏழாம் வகுப்பு சைஸி சாருக்கு, எனிஃபா ஒன்றாம் வகுப்புக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த சைஸி சார் நான்தான்.

"நாலாம் வகுப்புலருந்து நான் கூட்டிட்டு வந்த பிள்ளைங்க சார்" என்றார் எனிஃபா என்னிடம். அவ்வளவு மெல்ல அவர் பேசி நான் கேட்டதில்லை. "இவங்கள விட்டுட்டு எனக்கு இங்க என்ன இருக்கு?"

"அன்னைக்கு ஒரு நாளாவது வழக்கம்போல ஒப்பிக்க வைங்களேன்."

"அது முடியாது சார்."

என்ன பிடிவாதமோ. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஏழாம் வகுப்பில் பெஞ்சு உண்டு, என் பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்கள் என்ற கணக்கும் மனதில் ஓடாமல் இல்லை.

ஆய்வாளருக்காக அவர் எடுத்துக்கொண்ட பாடம் தோப்வா. எல்லா வீட்டிலும் குடிக்கிற சோளக்கூழ்தானே, அது ஏன் புளிக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டுமாம். மூன்று பானை காய்ச்சினார்கள். முளைகட்டிய கேழ்வரகு மாவு கலந்த ஒன்றை வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தார்கள், அதே மாவு கலந்த இன்னொன்றை ஈரச் சாக்கு போர்த்தி மூலையில் வைத்தார்கள். மூன்றாவதில் அந்த மாவே இல்லை. வகுப்புக்குக் கதவு கிடையாது, ஆடு வந்து வாய் வைக்கும். அதனால் பானைகள் தலைமையாசிரியர் அறையில் இருந்தன. இரண்டு நாளாக வெளியூர் போயிருந்த அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை ஆய்வாளர் வந்தார். வாட்டசாட்டமான ஆள், மெல்லப் பேசினார். மசாம்பா அறையில் பார்த்தால் மூன்று பானை தோப்வா. விருந்தாளிக்குப் பெற்றோர் கொடுத்தனுப்பியது என்று நினைத்துவிட்டார். எங்கள் ஊரில் வேறெப்படி நினைப்பார்கள்? ஜன்னலோரப் பானையிலிருந்து ஆய்வாளருக்கு, சாக்குப் பானையிலிருந்து தனக்கு, மூன்றாவதிலிருந்து, அது பாடம் என்று தெரியாமல் வரவேற்கப் போய் நின்ற எனக்கு. எனக்கு வந்தது கூழா களியா என்றே தெரியவில்லை. மிச்சத்தை வெளியே காத்திருந்த பெற்றோருக்குக் கொடுத்து, பானைகளை வழித்துக் கவிழ்த்தும் விட்டார்.

பானை எடுக்க வந்த எனிஃபா வாசலிலேயே நின்றுவிட்டார். "சார், அது பாடம்" என்றார்.

"பாடமா? நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் மசாம்பா.

எனிஃபா பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொன்னார். "பானை காலி. பெரியவங்க குடிச்சிட்டாங்க. இப்ப என்ன பண்ணலாம்?" ஆய்வாளர் பின்னால் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார், பக்கத்தில் மசாம்பாவும் நானும் நின்றோம். ஜன்னலில் லிம்பனியின் அப்பாவும் மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். தொலைந்தது என்று நினைத்தேன்.

லிம்பனி எழுந்து வெளியே போனாள். கழுவாத எங்கள் கோப்பைகளைத் தட்டோடு கொண்டுவந்து, ஆய்வாளர் முன்னால் முறைப்படி மண்டியிட்டாள். விருந்தாளியைப் பார்த்துக் குழந்தை கேட்கக்கூடிய ஒரே கேள்வி எங்களிடம் உண்டு. அதைக் கேட்டாள்.

"ஐயா, தோப்வா நல்லா இருந்துச்சுங்களா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

மசாம்பாவைக் கேட்டாள், நன்றாக இருந்தது. என்னைக் கேட்டாள், நானும் அதையே சொன்னேன். அவள் தட்டைப் பார்த்துவிட்டு ஆய்வாளர் பக்கம் திரும்பினாள்.

"ஹெட்மாஸ்டர் ஐயா கோப்பை காலி. உங்க கோப்பையில பாதி மிச்சம் இருக்குங்களே ஐயா."

பின்னாலிருந்து ஒருத்தன், "சைஸி சார் கோப்பையில கரண்டி நட்டுக்கிட்டு நிக்குது" என்றான். ஜன்னலில் அவள் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் அந்தக் கோப்பையை எடுத்துப் பார்த்தார். "சரியான புளிப்பும்மா" என்றார். "குடுத்தவங்க மனசு நோகுமேன்னு பொய் சொன்னேன்."

அவ்வளவுதான், வகுப்பு பிடித்துக்கொண்டது. வெயில்தான் காரணம் என்று ஒரு கட்சி, மாவுதான் என்று ஒரு கட்சி. மாவில்லாத பானை ஏன் களியாகவே நின்றது என்று என்னைக் கோப்பையோடு முன்னால் நிற்க வைத்தார்கள். கடைசியில் ஆய்வாளர் பேனாவை மூடினார். "டீச்சர் இந்த வகுப்புலயே இருக்கட்டும். எட்டாவதுக்கும் இவங்களே போகட்டும்" என்றார். எனிஃபா முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார்.

மறுநாள் நான் பின்னங்களை நடத்தி முடித்தேன். வழக்கம்போல, "புரிஞ்சுதா?" என்றேன்.

"புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் பதில் வந்தது.

சுவருக்கு மேலாக எனிஃபாவின் சிரிப்பு கேட்டது. நான் அடுத்த பாடத்துக்குப் போகாமல் பிள்ளைகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆய்வாளரைப் போல அவர்களும் மரியாதை தெரிந்தவர்கள்தான்.