பொருளியல் பாடத்திலும் ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார்

பிரியமானவர்களே, நோய் நீங்கியவர்களும் விசா கிடைத்தவர்களும் சாட்சி சொன்ன இந்த இடத்தில் நான் ஒரு பாடத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். அந்தப் பாடம் என்னை ஒன்றரை வருடம் அழவைத்தது.

1996 இலையுதிர்காலம். நாங்கள் ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்து, மோர்னிங்சைட்டில் ஓர் அப்பார்ட்மென்டில் இருந்தோம். பகலில் கல்லூரியில் பாலர் பராமரிப்புப் படித்தேன். மாலையில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். பிக்கரிங்கில் ஒரு பாலர் நிலையத்தில், சான்றிதழோடு வந்தால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பாடமெல்லாம் முடித்துவிட்டேன். மிஞ்சியது பொருளியல் அறிமுகம். மற்றத் துறைக்காரரும் அதைக் கட்டாயம் எடுக்க வேண்டுமாம். குழந்தைக்கு மூக்குத் துடைக்கப் போகிறவளுக்கு எதற்குப் பொருளியல்? இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் தவறினேன். மூன்றாம் தடவையும் தவறினால் படிப்பே போய்விடும்.

என் கணவர் அன்ரன் ஊரில் வர்த்தகப் பிரிவில் படித்தவர். உதவி செய்கிறேன் என்று வந்து உட்கார்ந்தார்.

“கேள்வி கூடினா விலை கூடும். உமக்கு ஏன் உது விளங்கேல்லை?”

“ஆர் கேக்கிற கேள்வி?” என்றேன்.

அவர் தலையில் கையை வைத்தார். மக்கள் ஒரு பொருளை எந்த விலைக்கு எவ்வளவு வாங்கத் தயார் என்பதைத்தான் பொருளியலில் கேள்வி என்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்கு ஒரு கோடு கீறுவார்கள். சில வேளை அந்தக் கோட்டின் மேல் நாம் நகர வேண்டும், சில வேளை கோடே நகர வேண்டும். எப்போது எது? கேட்டால் அன்ரன் அதே வசனத்தை இன்னும் உரத்துச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செபக் குழுவில் சொன்னேன். சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேரி அன்ரி வீட்டில் கூடுவோம். எல்லோரும் எனக்காக மன்றாடினார்கள். பிறகு லிப்டிலும் கேட்டார்கள், பஸ் தரிப்பிலும் கேட்டார்கள், “சோதினை என்ன மாதிரி?” என்று. அரைத்தவணைப் பரீட்சையில் முப்பத்தெட்டு வந்தது. யாருக்கும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி, “ஆண்டவரே, இவ்வளவு பேர் கேட்டும் உமக்குக் காது கேட்கவில்லையா? பெரிய அற்புதம் வேண்டாம். இந்தக் கோட்டை மட்டும் விளங்கவையும்” என்றேன். செபம் என்று சொல்ல முடியாது. சண்டைதான்.

அடுத்த வகுப்பில் விரிவுரையாளர் அமையச் செலவு படிப்பித்தார். ஒன்றைத் தெரிவுசெய்யும்போது எந்த நல்ல விடயத்தைக் கைவிடுகிறோமோ, அதுதான் அதன் உண்மையான செலவு என்றார். ஆளுக்கொரு உதாரணம் கேட்டார். என் முறை வந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: சனிக்கிழமைகளில் செபக் கூட்டத்துக்குப் போகிறேன், அதனால் அதே நேரத்தில் கல்லூரியில் நடக்கும் உதவி வகுப்புக்கு வர முடிவதில்லை. அவர் தலையாட்டி, “அப்படியென்றால் அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை அந்த உதவி வகுப்பு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செபத்துக்கு விலை போடுகிறானே! மேரி அன்ரியிடம் முறையிடுவதற்காகவே அந்தச் சனிக்கிழமை அரை மணி முந்திப் போனேன். கதிரைகளை அடுக்கிக்கொண்டே அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

“அந்த வகுப்பு எத்தினை மணிக்கு?”

“இரண்டு மணிக்கு, அன்ரி.”

“இதை ஏன் பிள்ளை நீ எங்களுக்கு முந்தியே சொல்லேல்லை?”

“செபத்தை விட்டிட்டு எப்பிடி அன்ரி போறது?”

“ஆர் விடச் சொன்னது? நாங்கள் பதினொரு பேர் இருக்கிறம், உனக்காகச் செபிக்கிறம். சோதினையை நாங்கள் எழுத ஏலாது. நீ போய்ப் படி. இப்பவே போ, பஸ் வந்திடும்.”

என் ஜக்கெற்றை அவரே எடுத்துத் தந்தார். பஸ்ஸில் அழுதேன். நான் ஆண்டவரிடம் கேட்டதற்கு மேரி அன்ரியின் வாயால் பதில் வந்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

உதவி வகுப்பில் படிப்பித்த பெண் என் கொப்பியைப் பார்த்துவிட்டு வெளியே விழுந்த பனியைக் காட்டினாள். கடைக்காரன் பனி அள்ளும் சவளின் விலையைக் குறைத்தால் சனம் கூட வாங்கும். அது கோட்டின் மேல் நகர்வது. விலை அப்படியே இருக்க, பனி கொட்டியதால் எல்லோரும் சவள் தேடி ஓடினால் கோடே நகரும். அவ்வளவுதான்! ஒன்றரை வருடம் நான் பட்ட பாடு ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. சந்தோஷத்தைவிட எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

மார்கழியில் பரீட்சை. அறுபத்தொன்று. பெரிய புள்ளி இல்லை, ஆனால் பாஸ். அன்ரன் தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “நான் படிப்பிச்சது வீண் போகேல்லை” என்றார். அன்றைக்கு அவரை மன்னித்தேன். அடுத்த சித்திரையில் பிக்கரிங்கில் வேலை தொடங்கினேன்.

ஆண்டவருக்கு நன்றி. அந்தக் குழுவுக்கும் நன்றி. முன்பெல்லாம் செபிக்கும்போது அவர் எந்த வழியால் வர வேண்டும் என்றும் நானே சொல்லிக்கொடுப்பேன். இப்போது கேட்டுவிட்டு, யார் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுக்கிறேன். விளங்காவிட்டால் எல்லோருக்கும் முன்னால் கையை உயர்த்துகிறேன். உங்களில் யாராவது கேட்டுக் கேட்டு அலுத்து, அவரோடு கோபமாக இருந்தால், அந்தக் கோபத்தையும் கொண்டுபோய் அவர் முன்னால் கொட்டுங்கள். என்னை அவர் பொறுத்துக்கொண்டார். உங்களையும் பொறுப்பார்.