ஒளித்து வைத்த அகராதி

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி வருடங்களில் நான் கொழும்பில் கிரேக்கமும் லத்தீனும் படித்துக்கொண்டிருந்தேன். மொழியாராய்ச்சிக் கட்டுரைக்கு எங்கள் கல்லூரி ஆண்டுதோறும் ஒரு பரிசு கொடுக்கும். அந்த வருடம் எழுதியவர்கள் இரண்டே பேர்: நானும் என் வகுப்பில் படித்த கொட்டாஞ்சேனை பிலோமினாவும்.

நூலகத்தில் பெரிய கிரேக்க அகராதி ஒன்றுதான் இருந்தது. கடைசி வாரத்தில் அதைக் கணிதப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பிலோமினா தட்டுத் தட்டாகத் தேடியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுரை கொடுக்க வேண்டிய நாளன்று எனக்குக் கடும் காய்ச்சல். வெள்ளவத்தையில் என் வாடகை அறையில் எழும்ப முடியாமல் கிடந்தேன். நான் கல்லூரிக்கு வராததைக் கண்டு, மத்தியானம் பிலோமினா தன் அண்ணனோடு வாசலில் வந்து நின்றாள்.

“கட்டுரையைத் தாரும். நாலு மணிக்குள்ள குடுக்கவேணும்.”

கொடுத்தேன்.

பரிசு எனக்குக் கிடைத்தது. மூன்றாம் நாள் அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும். கட்டுரை குடுக்கிறதுக்கு முதல் நாள் அகராதியைக் கண்டெடுத்தனான். உம்மட குறிப்புத் தாள் அதுக்குள்ள கிடந்தது.”

“அப்ப ஏன் என்ர கட்டுரையைக் கொண்டுபோய்க் குடுத்தனீர்?”

“பிழை விட்டது நீர். உம்மட கட்டுரை என்ன பிழை விட்டது?”

அன்றே பேராசிரியரிடம் சொன்னேன். பரிசு அவளுக்குப் போனது. விழாவில் கடைசி வரிசையிலிருந்து கை தட்டினேன்.

பிறகு நான் ஆசிரியரானேன். விடைத்தாள் திருத்தும்போது எழுதியவன்மேல் எரிச்சல் வந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து வாசிப்பேன்.