ஸ்க்ரூடிரைவருக்கு வழிவிடாத கேப்டன்

எங்கள் பள்ளி ரோபோ டீம் கேப்டன் ஜெனி, இரண்டு வாரம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கேட் (CAD) என்ற வரைபட மென்பொருளில் ரோபோவின் டிசைன் வரைந்தாள். திரையில் ஒரு க்ளிக் செய்தால் போதும், ஸ்க்ரூக்கள் சமத்தாகப் போய் உட்கார்ந்துகொண்டன.

இன்று ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் லேசர் கட்டிங் கடையில் தகடுகளை வாங்கி அங்கேயே பூட்டிப் பார்த்தோம். மோட்டாரை உள்பக்கமிருந்து இறுக்க வேண்டும். எதிர்த் தகடு இரண்டு விரல் தூரத்தில் நிற்கிறது. ஸ்க்ரூடிரைவரோ ஒரு சாண் நீளம்.

கடைக்கார பாய் வேலூர்க்காரர். எட்டிப் பார்த்து, மகளே என்று உருதுவில் ஜெனியைக் கூப்பிட்டார்.

"ஸ்க்ரூ எல்லாம் அழகா வரைஞ்சிருக்கே பேட்டி. இறுக்கற கையை எங்க வரைஞ்சிருக்கே?"

நான் சிரித்தேன். ஜெனி முறைத்தாள்.

"எதிர்த் தகட்டுல ஒரு ஓட்டை போட்டுத் தர்றேன். அது வழியா இறுக்கிக்கலாம். அஞ்சு நிமிஷம்," என்றார் பாய்.

"நக்கோ பாய், வேண்டாம்! படத்தை ஜட்ஜுக்கு நேத்தே அனுப்பியாச்சு. ரோபோ அப்படியேதான் இருக்கணும்."

"நாளைக்குப் போட்டி ஜெனி. மோட்டார் கழண்டா ரோபோ நகராதுடி!" என்றேன்.

"நகரலைன்னா என்னடா? டிசைனுக்குத் தனி மார்க் இருக்கு."

ஹவ், ஆமாம், ஓடாத ரோபோவுக்கு அழகுப் போட்டி!

இப்போது பாய் டிரில்லோடு நிற்கிறார். ஜெனி தகட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். கடை ஏழு மணிக்கு மூடிவிடும்.

டீம் மக்களே, ஓட்டைக்கு ஓட்டுப் போடுங்கள், சீக்கிரம். இல்லையென்றால் நாளை ரோபோவைத் தள்ளிக்கொண்டு ஓடப்போகும் மோட்டார் நான்தான்.